கங்கை கொண்ட சோழனும் சோழகங்கமும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசனுக்கும் வானவன் மாதேவிக்கும் ஆடித் திருவாதிரை நன்னாளில் தோன்றிய திருமகன் முதலாம் இராசேந்திரன். கி.பி. 1012-இல் இளவரசுப் பட்டம் எய்தி, 1014-இல் தந்தைக்குப்பின் தனியாட்சி ஏற்று, 1044 வரை செங்கோல் செலுத்தினான். ஈழமும் கடாரமும் அவன் வென்றமை யாவரும் அறிந்ததே; ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

1023-ஆம் ஆண்டையொட்டி அவன் படை வடநாடு சென்றது. தோற்ற மன்னர் தலைகளில் கங்கை நீர்க்குடங்களை ஏற்றிப் படைத்தலைவன் மீண்டான் என்றும், வேந்தன் கோதாவரிக் கரைவரை எதிர்சென்று அவனைக் கண்டான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நவில்கின்றன. வென்றவர் கல்லில் தூண் நாட்டுவர். இவனோ நீராலேயே வெற்றித்தூண் நாட்டினான் என்பது அச்செப்பேடுகள் தரும் கருத்து. அதுவே சோழகங்கம்; இந்நாளில் பொன்னேரி என வழங்குவது.

கொள்ளிடத்திற்கு வடபால் புதிய தலைநகரையும், அதன் நடுவே பதின்மூன்றடி உயர இலிங்கத் திருமேனியுடன் கங்கைகொண்ட சோழீச்சரத்தையும் அவன் அமைத்தான். அத்தனை பெரிய நகருக்கு நீர் வேண்டுமன்றோ? ஏரியின் கரை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 16 மைல் நீண்டு கிடந்தது. தென்முனையில் கொள்ளிடத்திலிருந்து சுமார் 60 மைல் ஓடிவந்த கால்வாயும், வடமுனையில் வெள்ளாற்றிலிருந்து வந்த சிறு கால்வாயும் அதனை நிரப்பின. இரண்டு ஆறுகளை ஓர் ஏரியில் கூட்டிய அத்திறம் வியத்தற்குரியது. முன்னோன் முதற் பராந்தகன் காலத்து வீரநாராயணப் பேரேரியும் அணித்தே உள்ளது. நாதமுனிகள் அவதரித்த திருப்பதிக்கும் அவ்வேரிக்கும் பெயர் ஒன்றே.

பிற்காலத்தே சோழகங்கத்தின் கரை உடைந்தது. ஏரியின் உட்பகுதி காடாயிற்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றபோது, சோழீச்சரத்தின் மதிலும் கோபுரமும் பெயர்க்கப்பெற்று, அக்கற்கள் அணைக்குச் சென்றன. ஈசன் திருமதில் இடிந்தது அன்பர் நெஞ்சை வருத்தும். ஆயினும் அவ்வணையிலிருந்துதான் வடவாறு பிரிந்து வீரநாராயண ஏரியை நிரப்புகின்றது. இராசேந்திரன் அடுக்கிய கற்கள் அவன் முன்னோன் ஏரிக்கு நீர் வார்க்கின்றன.

1044-இல் தொண்டை நாட்டுப் பிரமதேசத்தில் அவன் விண்ணுலகெய்தினான். தேவி வீரமாதேவியும் உடன் தீப்புகுந்தாள். அவ்விருவர்தம் நீர்வேட்கை தணியும்பொருட்டு, தேவியின் உடன்பிறந்தான் அவ்வூரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது.