சகோதரி சுப்பலட்சுமி அம்மாள்



ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நூறு வருஷங்களுக்கு முன் விடியற்காலையில் அங்கே போயிருந்தால், மற்றவர் கண்ணில் படுமுன் நீராடிவிட்டுப் போக வேண்டும் என்று அவசர அவசரமாக வருகிற விதவைகளைக் கண்டிருப்பீர்கள். அவர்களில் கிழவிகள் உண்டு, நடுவயதுக்காரிகள் உண்டு. பாவாடை கட்டித் திரிய வேண்டிய வயதுச் சிறுமிகளும் உண்டு. ஸ்ரீரங்கம் என்றில்லை, காவிரிக் கரை அக்கிரகாரங்கள் எல்லாவற்றிலும் இதே காட்சிதான்.

கலியாணம் என்றால் இன்னதென்று அறியாத வயதில் கலியாணம். மாப்பிள்ளையின் முகம் மனதில் பதியுமுன்னே அவன் இறந்தான் என்ற சேதி. அதோடு வளையலும் பூவும் பொட்டும் போய்விடும். பருவமடைந்தபின் பல குடும்பங்களில் தலையையும் மழித்துவிடுவார்கள். (தென்கலை வைணவரிடம் மழிக்கும் வழக்கம் இல்லை. மற்றக் கட்டுப்பாடுகளுக்குக் குறைவில்லை.) சுப காரியங்களில் எதிரே வரக்கூடாது. எல்லாவற்றிலும் கொடியது, கணவனை விழுங்கினவள் என்ற பெயர். பத்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டு, தான் ஏதோ பெரிய பாதகம் செய்துவிட்டதாகவே நம்பிக்கொள்ளும். அடிபட்ட காயம் ஆறும்; இப்படி உள்ளே விழுந்த காயம் எப்படி ஆறும்?

அதை ஆற்றக் கற்றவர் ஒருவரின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சுப்பலட்சுமி 1886-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை ஜில்லா ரிஷியூர்க் குடும்பம். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. மூத்த பெண்; படிப்பில் மகா கெட்டி. ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கற்பட்டுப் பகுதியிலேயே முதலாவதாக வந்தார். பதினோரு வயது வாக்கில் குல வழக்கப்படி மணம் முடித்தார்கள். விரைவிலேயே அந்தப் பையன் இறந்துபோனான்.

இங்கேதான் அவர் கதை மற்றப் பிள்ளைகளின் கதையிலிருந்து பிரிகிறது. பெற்றோர் அவருடைய தலையை மழிக்கவில்லை. மூலையில் உட்கார்த்தி வைக்கவுமில்லை. தகப்பனார் உறவினரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு மகளைப் படிக்க வைத்தார். வாலாம்பாள் என்ற சித்தி ஒருத்தி அந்த வீட்டில் இருந்தார். அவரும் இளம் விதவை. வீட்டிற்குள்ளேயே தன்னைப்போல் ஒருத்தி இருந்தது அந்தச் சிறுமிக்கு எவ்வளவு பெரிய துணை என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

படிப்பின் ஒரு பகுதி சென்னை பிரசன்டேஷன் கன்னியர் மடத்தில் நடந்தது. குடும்பம் என்று ஒன்றில்லாமல், ஊரார் பிள்ளைகளுக்காக நாளெல்லாம் உழைக்கிற கன்னியர்களை அங்கே அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். புருஷன் இல்லாத பெண்ணின் வாழ்வு வீணல்ல என்பதைக் கண்கூடாகக் காட்ட அக்காலத்தில் வேறு யார் இருந்தார்கள்? ஆனாலும் அவர் மதம் மாறவில்லை. கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். பிற்காலத்தில் ஊரெல்லாம் அவரை ‘சிஸ்டர்’ என்று அழைத்ததைக் கேட்டுக் கன்னியாஸ்திரீ என்று எண்ணிவிடாதீர்கள்.

1911-ல் பிரசிடென்சிக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே. நல்ல உத்தியோகம் காத்திருந்தது. அவரோ எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு சிறு விதவைகளைச் சேர்த்துக்கொண்டார். இல்லம் அப்படித்தான் ஆரம்பமாயிற்று. பலகையும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. பாடம் சொல்ல அக்காள், சோறு போடச் சித்தி.

வாசகர்களே, சாவு வீட்டில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகப்பனை இழந்த பிள்ளையைச் சுற்றி நின்று பெரியவர்கள் ஓவென்று அழுவார்கள். பிள்ளை மிரண்டுபோய் விழிக்கும். சிறு வயதில் தானும் தகப்பனைப் பறிகொடுத்த ஒருத்தி அங்கே இருந்தால், அவள் அழமாட்டாள். அந்தப் பிள்ளை காலையிலிருந்து சாப்பிட்டதா என்று கேட்பாள். பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். தனக்கு அன்று எது தேவையாயிருந்தது, எது இடைஞ்சலாயிருந்தது என்று அவளுக்குத் தெரியும். சுப்பலட்சுமி அம்மாளின் இல்லம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அங்கே வந்த சிறுமியைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்ல ஆளில்லை. அவள் மாணவி, நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், கணக்குப் போட வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியை தன்னைப்போலவே குழந்தை விதவை, பி.ஏ. படித்தவர். இதற்கு மேல் என்ன உபதேசம் தேவை?

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பட்டதும் அந்தப் பிள்ளைகள் பட்டதும் ஒன்றல்ல. அவருக்கு அன்பான தகப்பன் இருந்தார். பலருக்கு அது இல்லை. மழித்த தலையோடு வந்த பிள்ளைகளின் துக்கத்தை அவர் பாதியளவுதான் அனுபவித்திருந்தார். அனுபவித்தவர் என்பதால் எல்லாம் தெரிந்துவிடாது. மீதியைப் பிள்ளைகளிடம் இருந்துதான் கற்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் அவர்களோடு உண்டு உறங்கி வாழ்ந்தது அதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் பெருகின. வைதிகர் எதிர்ப்பும் பெருகிற்று. விதவைகள் தங்கும் வீட்டுக்கு வாடகைக்கு இடம் கொடுக்கவே யோசித்தார்கள். பள்ளிகளின் இன்ஸ்பெக்டராயிருந்த மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையார் அரசாங்க உதவிக்கு முயற்சி எடுத்துக்கொண்டார். முடிவில் கிடைத்தது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-ல் கட்டப்பட்ட வட்ட மாளிகை அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அடுக்களை மூலையே உலகமாயிருந்த சிறுமிகளுக்கு வாசலைத் திறந்தால் சமுத்திரம். அதே கடற்கரைச் சாலையில் 1914-ல் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி தோன்றிற்று. பின்னால் அதற்கு இராணி மேரி கல்லூரி என்று பெயர். இல்லத்துப் பெண்களில் சிலர் அதில் சேர்ந்து படித்தார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த இல்லத்தில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம். ஆசாரம் கெட்டுவிடும் என்று அஞ்சிய பெற்றோர் பிள்ளையை அனுப்ப வேண்டுமே என்பதற்காகச் சாதிக் கட்டுப்பாடுகளை அவர் அப்படியே காத்தார். அக்காலத்திலேயே அதைக் கண்டித்தவர்கள் உண்டு. கண்டித்தது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. வேறு சாதிகளிலும் துக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கவே செய்தார்கள். ஆனால் வேறு விதமாக நடத்தியிருந்தால் அந்த முதல் நான்கு பேரின் தகப்பன்மார் கதவைத் திறந்திருப்பார்களா என்றால், அதற்கும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு அதே கடற்கரைக் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி வைத்தார்.

1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வயது கடந்த விதவைகளுக்காக 1927-ல் சாரதா வித்தியாலயம் எழுந்தது. இல்லத்தில் வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் டாக்டர்களாகவும் வெளியே வந்தார்கள். காயத்துக்கு மருந்து போட்டால் போதாது, காயம் படாமல் தடுக்க வேண்டும் என்று, கலியாண வயதை விசாரிக்க வந்த ஜோஷி கமிட்டியின் முன்னும் சாட்சி சொன்னார். 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்படி பெண்ணுக்குப் பதினான்கு வயது. அதுவே அன்று பெரிய காரியம், இப்போது பதினெட்டு.

1958-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேய மாது அவரோடு பேசிப் பழகி அவர் சரித்திரத்தை நூலாக எழுதி 1966-ல் வெளியிட்டார். எண்பத்து மூன்றாம் வயதில், 1969 டிசம்பர் 20-ந் தேதி அம்மாள் காலமானார். ஸ்ரீரங்கத்துக்குப் பெரிய நாளாகிய வைகுண்ட ஏகாதசி அது. அதற்குள் அவருடைய மாணவிகளில் பலருக்கே தலை நரைத்திருந்தது.