வீரமாமுனிவர் தமிழை மதித்த வகை

பண்டை ரோமாபுரியார் கிரேக்க நாட்டை வாளால் வென்று, கல்வியில் அந்நாட்டாருக்கே மாணாக்கராயினர். அவருள் கேட்டோ என்னும் ஆசிரியர், கி. மு. 155-ல் ஆதென்ஸிலிருந்து தூது வந்த தத்துவ ஞானிகளால் ரோம வாலிபர் கெடுவரென்று அஞ்சி, அவர்களை விரைவில் அனுப்பிவிடச் செய்தார். ஆயினும் முதுமையிற் கிரேக்க நூல்களை விரும்பிக் கற்றார். இவ்விரு நோக்கும் ஒருங்கே வாய்ந்த இத்தாலியர் ஒருவரை, லால்குடிக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் அதே வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் நாம் காண்கிறோம்.

1680-ல் பிறந்த பெஸ்கி என்னும் அவ்வீரமாமுனிவர், சேசு சபைத் துறவியாய் முப்பது வயதளவில் தமிழகம் போந்தார். போதிக்க வந்தவர் முதலிற் சுவடியேந்திக் கற்றார். சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணியை 3,615 பாக்களாற் பாடினார். செய்யுள் நிகண்டுகளை மனனஞ்செய்து இடர்ப்பட்டோருக்கு 1732-ல் சதுரகராதியை அளித்தார். அவர் லத்தீனில் வரைந்த கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சேற்றியவரோ, அவர் எழுத்தால் எதிர்த்துவந்த தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களே!

தமிழைத் தலைமேற்கொண்ட முனிவர், தமிழர் சமயங்களை இறுதிவரை மறுத்தே நின்றார். திருக்குறளை லத்தீனில் பெயர்த்தபோதும் அறம், பொருள் இரண்டோடு நிறுத்தினார். துறவிக்கு அது தக்கதாயிருக்கலாம். புலவர்க்குத் தக்கதென்று நாம் கூறமாட்டோம். காமத்துப்பாலைக் காணாத ஐரோப்பியர் வள்ளுவரை முழுதும் கண்டவராகார். ஆனால் தெய்வங்களையும் மன்னரையும் பாடுதற்கு நம்மவர் வகுத்த கலம்பகத்தை அவர் விலக்கவில்லை. திருக்காவலூர் என்று தாம் பெயரிட்ட ஏலாக்குறிச்சியில் எழுந்தருளிய அடைக்கலமாதாவுக்கு அதனையே சூட்டினார். 1747-ல் அவர் காலமானார்.