நாட்டின் சட்டத்தையே மாற்றிய தோட்டக்காரர் - யார் இந்த எடி மாபோ?

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் ஜூன் 3ஆம் தேதி 'மாபோ தினம்' அனுசரிக்கப்படுகிறது. யார் அவர்? அப்படி என்ன செய்தார்? தெரிஞ்சுக்கலாமா?

தாய்மாமன் வளர்த்த பிள்ளை

எடி கொய்கி மாபோ 1936இல் டோரஸ் நீரிணையில் உள்ள மர்ரே தீவில் பிறந்தார். ஊர் மக்கள் அதை மெர் என்பார்கள். குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட, தாய்மாமன் பென்னி மாபோ அவரைத் தம் மகனாக வளர்த்தார். எந்த நிலம் எந்தக் குடும்பத்துக்கு என்பது அந்தத் தீவில் எல்லாருக்கும் அத்துப்படி.

சாப்பாட்டு நேரத்தில் கிடைத்த அதிர்ச்சி

பிறகு டவுன்ஸ்வில் நகரில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார் மாபோ. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வரலாற்று ஆய்வாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: சட்டப்படி அவருடைய குடும்ப நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம்!

அதெப்படி?

நியூசிலந்தில் பிரிட்டிஷார் 1840இல் மவோரி தலைவர்களுடன் உடன்பாடு செய்துகொண்டனர். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுடன் அப்படி எதுவும் செய்துகொள்ளவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்களே இல்லை என்பதுபோல் சட்டம் நடந்துகொண்டது.

10 ஆண்டுப் போராட்டம்

1982இல் மாபோவும் மெர் மக்கள் நால்வரும் வழக்குத் தொடுத்தனர். குவீன்ஸ்லந்து மாநிலம் சும்மா இருக்குமா? தீவு மக்களின் உரிமையே செல்லாது என்று 1985இல் சட்டம் இயற்றியது. 1988இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

ஆனா, 1990இல் இன்னோர் அடி. சாட்சியங்களை விசாரித்த நீதிபதி, மாபோ தமக்கென்று கேட்ட நிலவுரிமையை ஏற்கவில்லை. வளர்ப்பு மகன் என்பதும் கேள்விக்குள்ளானது. மற்றவர்களின் கோரிக்கையோடு வழக்கு தொடர்ந்தது.

1992 ஜனவரியில் புற்றுநோயால் மாபோ காலமானார். ஐந்தே மாதத்தில், ஜூன் 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மெர் தீவு மெரியம் மக்களுக்கே என்று 7 நீதிபதிகளில் 6 பேர் கூறினர்.

அதனால் என்ன மாறியது?

1993இல் பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம் வந்தது. எல்லா நிலமும் திரும்பக் கிடைத்துவிடவில்லை. நிலத்துடனான தொடர்பு அறுபடவில்லை என்று பூர்வகுடிகள்தான் நிரூபிக்க வேண்டும். இருந்தாலும், உரிமை கேட்கவும் அரசாங்கத்துடன் பேச்சு நடத்தவும் வழி பிறந்தது. மலேசியாவில் ஓராங் அஸ்லி மக்களின் நிலவழக்கிலும் இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்பட்டது.

டவுன்ஸ்வில்லில் இருந்த மாபோவின் கல்லறையை 1995இல் யாரோ சேதப்படுத்தினர். அதன்பின் குடும்பத்தார் அவரை மெர் தீவுக்கே கொண்டுபோய் மறுபடி அடக்கம் செய்தனர்.