பால் ராப்சனும் ஏடுகளின் வம்பும்

அடிமைத் தளையறுத்துத் தப்பியவரின் மகன் பால் ராப்சன். 1898-ல் அமெரிக்காவில் பிறந்தார். சட்டம் படித்தும் மேடையையும் இசையையும் தேர்ந்தார். உழைப்பாளர் பக்கம் நின்றார். விடுமா ஆதிக்கம்? 1950-ல் அரசு அவரது பாஸ்போர்ட்டைப் பறித்தது. அரங்குகள் கதவடைத்தன, வருமானம் வற்றியது. ஆயினும் 1957-ல், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்குக் கடல் கடந்து தொலைபேசி வழியே பாடினார்! 1958-ல்தான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

1961-ல் மாஸ்கோவில், அந்த வீரர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். கடும் மனச்சோர்வு நோய். லண்டனில் 54 முறை மின் அதிர்ச்சிச் சிகிச்சை. வெளியிலோ, உடல் அசதி என்றே சொல்லப்பட்டது. 1963-ல் சிகிச்சைக்காகக் கிழக்கு ஜெர்மனிக்குச் சென்றதும் மேனாட்டு ஏடுகள் கதை கட்டின: கடத்திவிட்டார்கள் என்றும், கொள்கை கசந்துவிட்டது என்றும்! நோயாளியின் உள்ளம் அவர்களுக்கு விற்பனைச் சரக்காயிற்று.

நாம் கேட்கிறோம்: சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் கரித்தூள் படிந்தால் அது இழிவா? உள்ளம் நோயுறுவது மட்டும் எப்படி இழிவாகும்?

1976-ல் மறையும்வரை ராப்சன் கொள்கை மாறவில்லை. தோழர்களே, நம்மில் ஒருவர் சோர்ந்து ஒதுங்கினால் வம்பு பேச வேண்டாம். கைபிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.