நீரிலே ஒளி கண்ட விமலசுரேந்திர

இலங்கையின் மலைநாட்டிலே பெய்யும் மழை ஆறாகிப் பெருகிக் கடலை அடைவதை எத்தனையோ தலைமுறையினர் கண்டனர். நீர்வீழ்ச்சியின் அழகைப் பலர் வியந்தனர். அந்நீரின் வீழ்ச்சியிலே ஒரு நாட்டின் வாழ்வே அடங்கியிருக்கின்றது எனக் கணக்கிட்டுக் காட்டியவர், தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். அன்னாரின் வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே காலியிற் பிறந்தார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் பின்னர் தொழினுட்பக் கல்லூரியிலும் பயின்று, பொது வேலைப் பகுதியிலே சேவையில் அமர்ந்தார். இங்கிலாந்து சென்று மின்பொறியியலும் கற்றுத் தேர்ந்தார். நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காக 1912இல் பிளாக்பூல் என்னுமிடத்தில் எழுந்த சிறிய நீர்மின் நிலையம் அன்னாரின் முயற்சியின் பயனாகும்.

ஆனால் அவர் மனம் ஒரு நகரத்தின் விளக்குகளோடு அமைதி பெறவில்லை. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய ஆறுகளின் நீரைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் வழங்கலாம் என்று ஆராய்ந்து, 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். அந்நிய ஆட்சிக் காலத்திலே, உள்நாட்டுப் பொறியியலாளர் ஒருவரின் இத்தகைய பெருந்திட்டத்தை எளிதில் ஏற்பார் இலர். லக்ஷபான வேலை 1924இல் தொடங்கிற்று. சில ஆண்டுகளுள் நின்றும் போயிற்று.

விமலசுரேந்திர சோர்ந்தாரல்லர். அரசாங்கச் சேவையை விட்டு நீங்கி, 1931இல் இரத்தினபுரித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிற் புகுந்து, அங்கும் நீர்மின் திட்டத்துக்காகவே வாதாடினார். ஈற்றில் 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. தாம் கட்டுரை சமர்ப்பித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே தம் கனவு நனவாகக் கண்டார். 1953ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இவ்வுலகை நீத்தார். 1965இல் அமைந்த 50 மெகாவாட் நீர்மின் நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நிற்க, இவ்வரலாறு மலைநாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அட்டாளைச்சேனை வயல்களுக்குப் பாய்கின்ற கல்லோயா நீரை நினைத்துப் பார்ப்போம். சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வயலுக்குத் திறந்துவிடப்படும் நீர், இங்கினியாகலையிலே மின் பொறியையும் சுழற்றிவிட்டே வருகின்றது. ஒரே நீர் நெல்லையும் விளைக்கின்றது, விளக்கையும் ஏற்றுகின்றது.

எனினும், நீர்மின் மழையை நம்பியது. 1,000 லீற்றர் நீர் ஏறத்தாழ 367 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்தால், இழப்பு எதுவுமில்லை எனக் கொண்டாலும், கிடைப்பது ஓர் அலகு மின்சாரமே. அதனை 100 வாட் குமிழ் பத்து மணி நேரத்தில் விழுங்கிவிடும். 10 வாட் எல்.ஈ.டி. குமிழோ நூறு மணி நேரம் எரியும். 1996இல் வரட்சியால் மின்வெட்டு வந்தது. 2022இல் எரிபொருள் வாங்கப் பணமின்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடு இருளில் மூழ்கியது. இந்த இரண்டு துன்பங்களையும் கண்ட நாம், மின்சாரத்தை வீணாக்குவது தகுமா?

மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 மணி வரையே தேவை மிகுந்த வேளையாகும். அவ்வேளையில் துணிகளை இஸ்திரி போடுவதையும் நீர்ப்பம்பியை இயக்குவதையும் தவிர்ப்பது பெரியோர்க்கும் எளிது. ஆளில்லாத அறையின் விளக்கையும் விசிறியையும் நிறுத்துவது சிறுவர்க்கும் எளிது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நம் கரையிலே, கூரைமீது சூரியத் தகடு பொருத்த வசதியுள்ளோர் அதனையும் செய்யலாம்.

இளைஞர்களே! தம் வாழ்நாளிற் பாதியை ஒரு நீர்வீழ்ச்சிக்காகச் செலவிட்டார் ஒருவர். அவர் தேடித்தந்த ஒளியைச் சிந்தாமற் காப்பதே நாம் அவருக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.