பத்தொன்பது நாளும் ஒரு பிற்பகலும்

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு இன்று எங்கும் நிற்காமல் விமானத்தில் சென்றுவிடலாம். ஏறத்தாழ 14,500 கி.மீ. தொலைவு, 17 மணி நேரப் பயணம். அவ்வாறு சென்றுவந்த உறவினர் ஒருவர், இவ்வளவு நேரம் எப்படித்தான் உட்கார்ந்திருப்பது என்று அண்மையில் என்னிடம் சலித்துக்கொண்டார். எனக்கு ஏமி ஜான்சனின் நினைவு வந்தது.

இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாக 1903-இல் பிறந்தவர் அவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று, லண்டனில் ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டக் கற்றார். விமானப் பொறியைப் பிரித்துப் பூட்டவும் கற்று, அதற்கான உரிமத்தைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணி ஆனார். பின்னாளில் அவரைக் காத்தது இந்த இரண்டாவது கல்விதான் என்பேன்.

தந்தையும் எண்ணெய் வணிகர் வேக்ஃபீல்டு பிரபுவும் பணம் கொடுக்க, 600 பவுனுக்குப் பழைய 'ஜிப்சி மாத்' விமானம் ஒன்றை வாங்கி 'ஜேசன்' எனப் பெயரிட்டார். அது தந்தையின் மீன் வணிக முத்திரைப் பெயர்! 1930 மே 5 அன்று குரோய்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். அதற்கு முன் அவர் சென்ற மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து ஹல் வரை மட்டுமே. கூரையற்ற இருக்கை, வானொலித் தொடர்பு கிடையாது, வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. ஒவ்வொரு நாளும் தரையிறங்கியபின் பொறியைத் தாமே பழுதுபார்த்த பிறகே உறங்கினார்.

பாக்தாதை நெருங்குகையில் மணற்புயல் அவரைப் பாலைவனத்தில் இறக்கியது. ஆயினும் ஆறே நாளில் கராச்சியை அடைந்தார். பெர்ட் ஹிங்க்லர் 1928-இல் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியாவை அடைந்திருந்தார். கராச்சியில் ஏமி அவரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். பின்னர் எரிபொருள் குறைந்து ஜான்சியின் ராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். அலகாபாத், கல்கத்தா கடந்து ரங்கூன் நோக்கிப் பறந்தார்.

அங்குதான் சாதனை கைநழுவியது. மழையில் வழி தவறி, இன்செயினில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்றின் கால்பந்துத் திடலில் இறங்கிய விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. இறக்கை கிழிந்தது, சுழல்விசிறி உடைந்தது. மாற்று விசிறியைக் கையோடு கட்டி எடுத்துவந்திருந்தார். போர்க்கால விமானத் துணியில் தைத்த சட்டைகளைப் பிரித்து இறக்கையை மூடினர். அந்தக் கல்வி நிலையத்தாருடன் அவர் செலவிட்ட அந்நாள்களைச் சாதனை இழப்பாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

திமோர் கடலைக் கடந்து மே 24 அன்று டார்வின் சேர்ந்தார். 18,000 கி.மீ.; பத்தொன்பதரை நாள். ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்மணி அவர். அதன்பின் கேப்டவுனுக்கும் டோக்கியோவுக்கும் பறந்தார். விமானி ஜிம் மோலிசனை மணந்தார், பிரிந்தார்.

போர் வந்தபோது, ராணுவ விமானங்களைத் தளம்விட்டுத் தளம் கொண்டு சேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகேயுள்ள கிட்லிங்டனுக்குப் புறப்பட்டார். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பயணம். மேகம் தரையை மறைத்திருந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, இலக்குக்கு 100 கி.மீ.க்கும் அப்பால், தேம்ஸ் முகத்துவாரத்தில் அவருடைய விமானம் விழுந்தது. மீட்கக் கடலில் குதித்த போர்க்கப்பல் தலைவர் வால்டர் ஃபிளெட்சரும் குளிரில் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை. ஜேசன் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.