வன்றொண்டர் காட்டிய புகழ்நெறி

சிவபெருமான் நமக்கு உபகரித்தருளிய உறுப்புக்களுள் நாவைப்போல நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே உரியது பிறிதில்லை. அதனாலே இறைவனைத் துதிக்கின்றோம். அதனாலேயே செல்வரைக் கண்டவிடத்து அவரிடம் இல்லாத குணங்களை அடுக்கிச் சொல்லுகின்றோம். பிறர் நம்மைப் புகழுங்கால் நெஞ்சு மலர்கின்றது. ஒரு குறை எடுத்துக் கூறுவாராயின் அன்றே பகை மூளுகின்றது. புகழை யாருக்கு எவ்வாறு செலுத்தல் வேண்டும், தம்மேல் வரும் புகழையும் இகழையும் எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பவற்றைத் தமது வாழ்க்கையாலே காட்டியருளினவர், சமயகுரவர் நால்வருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனார். அவர் திருச்சரிதத்தை இந்நோக்குடன் சுருக்கிச் சொல்லப் புகுகின்றோம். யாம் சொல்லுவன சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் வைத்தருளியவற்றையும் நாயனாருடைய திருப்பதிகங்களையும் தழுவியனவேயாம்.

நாயனார் திருமுனைப்பாடி நாட்டிலே, திருநாவலூரிலே, ஆதிசைவ குலத்திலே, சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் புதல்வராகத் திருவவதாரஞ் செய்தார். பிள்ளைத்திருநாமம் நம்பியாரூரர். வீதியிலே சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையின் அழகைக் கண்ட நரசிங்கமுனையரையர் என்னும் அரசர், பெற்றோரிடத்து வேண்டிப் பெற்றுத் தம் மகவாகவே வளர்த்தார். ஆதலின் நாயனார் மறையவர் ஒழுக்கமும் அரசர் திருவும் ஒருங்கு வாய்ந்து, இளமைதொட்டே பாராட்டின் நடுவே வளர்ந்தவர். அவர் வாழ்ந்த காலத்தைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வைத்து ஆராய்ச்சியாளர் பலர் எண்ணுவர்.

மணப்பருவம் எய்தியபோது, புத்தூரிலே சடங்கவி சிவாசாரியாருடைய திருமகளாரை அவருக்கு மணம் பேசினர். மணப்பந்தரிலே ஒரு கிழவேதியர் வந்து, நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். நாயனார் நகைத்து, அவரைப் பித்தர் என்று இகழ்ந்தார். அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. கிழித்தது படியோலையென்றும் மூலவோலை தம்மிடத்து உள்ளதென்றும் வேதியர் காட்டினார். அதிலே பாட்டனாருடைய கையெழுத்து இருத்தலைச் சபையார் ஒப்புநோக்கித் தெளிந்து, நம்பியாரூரர் தோற்றனர் என்று தீர்ப்புக் கூறினர். தமது வீட்டைக் காட்டுவதாகச் சென்ற வேதியர் திருவருட்டுறை என்னும் ஆலயத்தினுள்ளே புகுந்து மறைந்தார்.

அப்பொழுது இறைவர் அருளிச்செய்ததே நாம் சிந்திக்கற்பாலது. வன்சொற் பேசி வழக்காடினமையால் வன்றொண்டன் என்னும் பெயரை அவருக்கு ஈந்தார். தமக்கு அன்பினாற் செய்யும் அருச்சனையாவது பாட்டே என்று உணர்த்தித் தம்மைத் தமிழாற் பாடும்படி பணித்தார். யாது சொல்லிப் பாடுவேன் என்று கலங்கி நின்றவரை, முன்னே தம்மை இகழ்ந்த அப்பித்தன் என்னும் பெயரையே முதலாக வைத்துப் பாடுமாறு ஏவினார். பந்தரிலே வசையாய் இருந்த சொல், சந்நிதியிலே துதியாயிற்று. சொல் மாறிற்றில்லை, சொன்னவருடைய உள்ளம் மாறிற்று. துதிக்கு உயிராவது சொல்லின் அழகன்று, அன்பே என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர் நாயனார் திருவாரூரை அடைந்து, பரவையாரை மணந்து, இறைவரால் தோழராக ஏற்றுக்கொள்ளப்பட்டுத் தம்பிரான் தோழர் எனப் பெயர் பெற்றார். இதனினும் மேலான புகழ் ஒருவருக்கு வருதல் அரிது. அப்புகழின் உச்சியிலேதான் அவருக்கு ஓர் இகழ்ச்சி நேர்ந்தது. ஒருநாள் தேவாசிரிய மண்டபத்திலே அடியார்கள் கூடியிருந்தனர். நாயனார், இவர்களுக்கு அடியேனாகும் நாள் எந்நாளோ என்று மனத்துள்ளே வணங்கிக்கொண்டு, புறத்தே ஒதுங்கித் திருச்சந்நிதிக்குச் சென்றார். அங்கிருந்த விறன்மிண்ட நாயனார் அது கண்டு பொறாராய், அடியாரை வணங்காது செல்லும் வன்றொண்டர் திருக்கூட்டத்துக்குப் புறம்பு என்றார். அவரை ஆண்டுகொண்ட சிவபெருமானும் புறம்பு என்று துணிந்து கூறினார்.

கடவுளுக்குத் தோழராயினவர் இதற்கு என்ன செய்தார்? தம் உள்ளத்து வணக்கத்தை எடுத்துச் சொல்லி வாதாடவில்லை. விறன்மிண்டரைக் குறைகூறவும் இல்லை. அடியார்களுக்கு அடியனாகும் பேற்றையே இறைவரிடத்து வேண்டினார். இறைவரும் முதலடி எடுத்துக்கொடுக்க, திருத்தொண்டத்தொகை பிறந்தது. 11 திருப்பாட்டுக்களைக் கொண்ட அத்திருப்பதிகத்திலே தனியடியார் 60 பேரும் தொகையடியார் 9 திறத்தாரும் போற்றப்படுகின்றனர். முதற்பாட்டிலேயே விறன்மிண்டருடைய பெயர் இடம்பெற்றிருத்தலை நம்மவர் ஊன்றி நோக்குக. தம்மைப் புறம்பென்று ஒதுக்கியவரையே, அவருக்கு அடியேன் என்று முன்வரிசையில் வைத்துப் போற்றுதல் நம்மில் யாருக்கு இயலும்?

அப்பதிகம் போற்றும் முறையும் தனிச்சிறப்புடையது. அதிலே காடவர்கோனாகிய கழற்சிங்கர் உளர். மட்கலம் வனைந்த திருநீலகண்டர் உளர். ஆடையொலித்த திருக்குறிப்புத்தொண்டர் உளர். மீன்பிடித்த அதிபத்தர் உளர். ஆதனூர்த் திருநாளைப்போவாரும் உளர். முடியுடையாருக்கு ஒரு புகழும் தொழிலாளருக்கு ஒரு புகழும் அங்கே இல்லை. தொண்டு ஒன்றே அளவுகோல். மனிதரைப் புகழவே கூடாது என்பது நாயனார் கருத்தன்று. புகழுங்கால், அவரிடத்துள்ள மெய்யான தொண்டைக் குறித்து, தம்மைத் தாழ்த்திப் புகழ்தலே அவர் காட்டிய நெறியாம்.

மற்றையவகைப் புகழை அவர் எங்ஙனம் வெறுத்தார் என்பதைத் திருப்புகலூரிலே காண்கின்றோம். பங்குனி உத்திரத் திருநாளிலே பரவையார் செய்யும் அறச்செலவுக்குப் பொன் வேண்டியிருந்தது. நாயனார் செல்வர் மனைவாயிலை நாடாது, திருப்புகலூர்த் திருக்கோயிலுக்குச் சென்றார். இரவிலே, திருப்பணிக்காகக் குவித்திருந்த செங்கற்களைத் தலையணையாக வைத்து முற்றத்திலே துயின்றார். விழித்தெழுந்தபோது அவை பொற்கட்டிகளாய் இருந்தன. அங்கே அருளிச்செய்த திருப்பதிகத்திலே தமிழ்ப்புலவர்களை முன்னிலைப்படுத்தி அறிவு கொளுத்துகின்றார். வலியில்லாதவனை வீமனென்றும், ஈயாத உலோபியைப் பாரியென்றும், உடல் தளர்ந்த முதியவனை மலைபோலுந் தோளனென்றும் பொய்கூறிப் பாடினாலும் அவர் ஒன்றுங் கொடார். புகலூரிறைவரைப் பாடின் இம்மையிலே சோறும் கூறையும், மறுமையிலே சிவலோகமும் கிடைக்கும் என்பது அதன் கருத்து. பசித்த புலவரை நாயனார் இகழ்ந்திலர். அவர்களுடைய நா விலைப்பொருளாதலைக் கண்டு இரங்கினார் என்க.

நாயனாருக்குத் துன்பம் வந்த காலமும் உண்டு. திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணந்தபோது, பிரியேன் என்று மகிழமரத்தின் கீழ்ச் சபதம் செய்தார். பின்பு திருவாரூர் நினைவு மேலிட அதனைக் கடந்து சென்றார். இரு கண்ணும் இழந்தார். கண்ணிழந்த நிலையிலும் அவர் பாடுதலை ஒழிந்திலர். தம் பிழையை ஒப்புக்கொண்டு அழுதார். தோழமையுரிமையால் இறைவரை ஏசியும் பாடினார். திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியிலே இடக்கண் பெற்றார். திருவாரூரிலே வலக்கண் பெற்றார். திருவாரூரிற் பாடிய பதிகம் கடுமையான ஊடலுரையாகும். அதனையும் இறைவர் துதியாகவே ஏற்றருளினார். பயன் கிடைத்தபோது மட்டும் போற்றி, கிடையாதபோது திருக்கோயில் வாயிலை மறக்கும் நமக்கு இஃதொரு படிப்பினை.

மற்றொருமுறை, பரவையாருடைய ஊடலைத் தீர்த்தற்கு இறைவரையே தூதாக அனுப்பினார் என்று கேட்டு, ஏயர்கோன் கலிக்காமர் பெருஞ்சினங் கொண்டார். சூலைநோயால் வருந்திய அவர், வன்றொண்டரால் நோய் தீர்தலினும் இறத்தல் நன்று என்று உடைவாளால் வயிற்றைக் கிழித்து உயிர்நீத்தார். அங்கு வந்து அதனைக் கண்ட நாயனார், தாமும் உயிர்விடத் துணிந்து வாளைப் பற்றினார். திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இருவரும் ஒருவர் அடியில் ஒருவர் வீழ்ந்து வணங்கினர். தம்மை வெறுத்தவருடைய வெறுப்பிலும் சிவபத்தியையே கண்டமையால் அன்றோ நாயனார் இங்ஙனம் செய்தனர்!

சேரமான்பெருமாள் நாயனாருடைய நட்போ மிகவும் இனிது. அவ்வரசர் நம்பியாரூரரைக் கொடுங்கோளூருக்கு அழைத்துச்சென்று, யானைமேல் ஏற்றி உபசரித்து, விடைபெறுங்கால் அளவற்ற பொருளை ஈந்தார். திருமுருகன்பூண்டிக்கு அருகே, சிவபூதங்கள் வேடராய் வந்து அவையனைத்தையும் கவர்ந்துகொண்டன. நாயனார் திருக்கோயிலை அடைந்து பாட, அவை மீண்டும் கிடைத்தன. நம்பிக்குத் தாமே பொன் கொடுப்பதன்றிப் பிறர் கொடுப்பக் கொள்ளுதல் ஒண்ணாது என்னும் திருவுளத்தாற்போலும் இறைவர் இங்ஙனம் செய்தார் என்று சேக்கிழார் கருதுகின்றார். அன்பர் தந்த சிறப்பையும் திருவருள் வழியாகவே ஏற்றல் வேண்டும் என்பது இதன் பொருள். அங்ஙனம் ஏற்பவருக்குச் செருக்கு உண்டாகாது.

நம் ஈழநாட்டுக்கும் நாயனாருக்கும் உரிமை உண்டு. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்கு அவர் திருப்பதிகம் அருளியுள்ளார். அத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து காடாய்க் கிடந்தபோதும் அப்பதிகம் அழியவில்லை. அதனை ஓதிவந்த சைவமக்களை அத்தலத்தைப் புதுக்குமாறு 19-ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் தூண்டினார்; பிற்காலத்தார் திருப்பணி செய்து 1976-ஆம் ஆண்டிலே குடமுழுக்காற்றினர். மெய்ப்புகழ் மண்மேடாய்க் கிடந்ததையும் மீட்கவல்லது.

முடிவிலே நாயனார் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானைமீது திருக்கைலாசம் சேர்ந்தார். சேரமான்பெருமாள் குதிரைமேற் சென்று உடன் அடைந்தார். அவர் இவ்வுலகில் எழுந்தருளியிருந்தது 18 ஆண்டே என்பது வழக்கு. அவர் அருளியவற்றுள் இன்று கிடைக்கும் பதிகங்கள் 100. அவை ஏழாந் திருமுறையாம். அவர் பாடிய திருத்தொண்டத்தொகையை முதலாகக்கொண்டு நம்பியாண்டார்நம்பி திருவந்தாதி செய்தார்; அதனை விரித்து 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணம் பாடித் தொண்டர்சீர் பரவுவார் என்னும் சிறப்புப்பெயர் பெற்றார். பிறரைப் புகழ்ந்தவருக்கே புகழ் தானாக வந்து சேர்ந்தமை காண்க.

இனி நம் நிலையை நோக்குவோம். கோயில் விஞ்ஞாபனங்களிலே சுவாமியின் திருநாமத்தினும் உபயகாரர் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகின்றது. பஞ்சபுராணம் ஓதுதற்குச் சில நிமிடங்கள். பொன்னாடை போர்த்துதற்கும் பாராட்டுரைக்கும் பல நாழிகைகள். உயிரோடிருந்த காலத்தில் ஒருவாய் நீர் கொடாதவர், அந்தியேட்டிக் கல்வெட்டிலே தாய்தந்தையரை வானளாவப் புகழ்கின்றனர். திருநாளைப்போவாருக்கு அடியேன் என்று உள்ளே பாடிக்கொண்டே, அவர் குலத்தவரை வெளியே நிறுத்தியதும் நம்மவரே. 1968-ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்திலே ஆலயப்பிரவேசத்தின்பொருட்டுப் போராட வேண்டியிருந்தமை அப்பாட்டை ஓதிய நமக்கெல்லாம் நாணந் தருவதன்றோ? எம்மையும் இக்குற்றத்தினின்று யாம் விலக்குகின்றோமல்லோம். எமது பத்திரிகைப் பக்கங்களிலும் உபசாரமொழிகள் மலிந்ததுண்டு.

ஆதலின் சைவ நன்மக்காள்! ஆடிச்சுவாதியாகிய நாயனாருடைய குருபூசைத் திருநாளிலே ஒரு விரதம் மேற்கொள்வோமாக. பொய்ப்புகழ் சொல்லாதிருப்போம், பிறர் சொல்லின் மகிழாதிருப்போம். கோயில் முற்றம் பெருக்குவோர், மாலை தொடுப்போர், மடப்பள்ளியில் உழைப்போர் முதலியோருடைய தொண்டை நேரிற் கண்டவிடத்து, அவருக்கு ஒரு நல்வார்த்தை சொல்லுவோம். நம்மைக் கடிந்து பேசுவார் உளராயின் அவரை முன்வரிசையில் வைப்போம். பிள்ளைகளுக்குத் திருத்தொண்டத்தொகையைப் பொருளுணர்த்தி ஓதுவிப்போம். அப்பொழுது நம் வீட்டுப் பேச்சும் வழிபாடாகும்.

திருச்சிற்றம்பலம்.